கணித முகாமில் பெற்றோருக்கு என்ன வேலை?

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், விடை கிடைத்த பிறகும் ‘ஏன் அப்படி?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பவள். கோடை விடுமுறையில் பெற்றோரும் உடன் அமர வேண்டிய கணித முகாம் ஒன்றில் அவளைச் சேர்க்க எண்ணுகிறேன். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்ட தாயாகிய நான் அங்கே என்ன செய்வது?

பதில் (தருமபுரி):
தயங்காமல் செல்லுங்கள், சகோதரி. நாங்கள் சென்ற முகாமில் முதல் நாள் முழுவதும் கோலம்தான். கையை எடுக்காமலும் வரைந்த கோட்டின் மேலேயே திரும்பச் செல்லாமலும் ஓர் உருவத்தை வரைந்து முடிக்க வேண்டுமானால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகள் கூடும் சந்திப்புகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அல்லது இரண்டு மட்டுமே இருக்க வேண்டும். ஒரு நகரின் ஏழு பாலங்களில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து நடக்க முடியுமா என்ற புதிரை முன்வைத்து 1736-இல் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த இந்த விதியை, என் மாமியார் தரையில் வரைந்தே பிடித்துவிட்டார். கடைசியாகப் புரிந்தது எனக்குத்தான்.

மற்றொரு பதில்:
வேகத்தையும் பரிசையும் முன்னிறுத்துவது முகாமன்று, பயிற்சி வகுப்பு. 1+3+5+7 என ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் ஏன் எப்போதும் வர்க்க எண்ணே வருகிறது என்பதைப் புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கிக் குழந்தைகளே கண்டுபிடிக்க நேரம் தருகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. புளியங்கொட்டைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. இன்று மாலையே அடுக்கிப் பார்க்கிறோம்.