யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்காத புழு

மீன் காட்சியகத்தில் மனதில் நின்ற உயிர் எது என்று பேச்சு வந்தால் எல்லோரும் ஆக்டோபஸ் கதையாகவே சொல்கிறீர்கள். என் பங்குக்கு ஒரு புழு.

கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடா மீன் காட்சியகத்தில் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராக நின்ற காலம். மத்தி மீனை டின்னில் அடைத்த பழைய ஆலை இருந்த இடத்தில் 1984இல் திறக்கப்பட்டது அது. தொட்டுப் பார்க்கும் தொட்டியருகே நின்று, "மெதுவாக, விரல் நுனியால் மட்டும்" என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வதுதான் என் வேலை.

அன்று ஆரஞ்சு நிற வௌவால் நட்சத்திர மீன் ஒன்று கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. கைகளுக்கிடையே சவ்வு விரிந்திருப்பதால் அந்தப் பெயர். ஏழெட்டு வயதுச் சிறுமி அதன் அடிப்பக்கத்தைக் காட்டி, "இது என்ன?" என்றாள். கருஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "பாசித் துணுக்கு" என்றேன், பெரிய நிபுணர் மாதிரி. துணுக்கு உடனே நெளிந்து அடுத்த கையின் பள்ளத்துக்குள் நுழைந்துகொண்டது.

பக்கத்தில் நின்ற மூத்த தன்னார்வலர் அம்மாள் சிரித்துவிட்டார். நட்சத்திர மீனின் குழாய்க்கால்கள் வரிசையாக இருக்கும் பள்ளத்தில் குடியிருக்கும் புழுவாம் அது. நட்சத்திர மீன் வயிற்றையே வெளியே தள்ளி இரையைச் செரிக்கும்போது மிஞ்சுகிற துணுக்குகள் இதற்குச் சாப்பாடு. "வாடகை தருமா?" என்று கேட்டாள் சிறுமி. இருவருக்கும் பதில் தெரியவில்லை.

அதன்பிறகு பெயர்ப்பலகை இல்லாதவற்றைத் தேடத் தொடங்கினேன். கெல்ப் எனும் பெரிய கடற்பாசி காடாக வளரும் 28 அடி உயரத் தொட்டி ஒன்று அங்கே உண்டு. அதற்குப் பகலில் வடிகட்டிய கடல்நீர் வருகிறது; பார்வையாளர்களுக்குத் தெளிவாகத் தெரியவேண்டுமே! இரவில் வடிகட்டாமலே விடுகிறார்கள். அந்த நீரோடு லார்வாக்களும் பாசி வித்துகளும் வந்து குடியேறிவிடுகின்றன. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு காலால் சாப்பிடும் ஓட்டுயிரான கொட்டலசும் அப்படி வருகிற கூட்டம்தான்.

எனக்குப் பிடித்தது எலும்புக்கூட்டு இறால். பெயர்தான் இறால், உண்மையில் இறால் இனமில்லை. பெரும்பாலும் அங்குல நீளம்கூட இராது. பின்னங்கால்களால், செடிபோலக் கிளைத்து வளரும் ஹைட்ராய்டு எனும் சிறு கடலுயிரின் கொத்தைப் பற்றிக்கொண்டு குச்சிபோல நிமிர்ந்து நிற்கும். திடீரென்று இடுப்பை மடித்துக் கும்பிடும். கொத்து முழுக்க இவை ஆடுவதைப் பார்த்தால் திருவிழாவில் பலருக்கு ஒரே நேரத்தில் சாமி வந்ததுபோல இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் போனால் வெறும் தூசிதான்.

இப்போதும் கண்ணாடியில் நட்சத்திர மீன் ஏறினால் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒருமுறை ஒன்றிலேயே ஐந்து புழுக்கள் எண்ணினேன். ஐந்தாவது, பாசித் துணுக்கு.