சியோலின் காலி இருக்கைகள்: முதியோரை அந்நகரம் மதிக்கிறதா?

அகிலன்:
தென்கொரியத் தலைநகரான சியோலுக்கு நான் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே மெட்ரோ ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் இரு முனைகளில் முதியோர், கர்ப்பிணிகள், உடல் நலிந்தோர் ஆகியோருக்கென இருக்கைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நேற்று மாலை முதலாம் தடத்தில், ஜோங்னோ 3-கா நிலையத்தில், காலூன்ற இடமில்லாத கூட்டம். என் பக்கத்தில் நின்ற இளம்பெண் கைப்பிடியைப் பற்றியபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தார். இரண்டடி தள்ளி மூன்று இருக்கைகள் காலியாகக் கிடந்தும் அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. 65 வயது நிறைந்தவர்களுக்கு 1984 முதல் மெட்ரோவில் கட்டணமும் கிடையாது. காலையில் ஏறி வடக்கே சோயோசான் மலையடிவாரம் வரை சென்று, உலாவிவிட்டு மாலையில் திரும்பும் முதியவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். வயதை இவ்வளவு மதிக்கும் நகரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மரகதம்:
அகிலன் அவர்களே, நீங்கள் கண்டது உண்மை. அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. நான் மூலிகைச் சந்தைக்குப் பெயர்போன ஜேகி-தோங் பகுதியில் வசிக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு என் சன்னலுக்குக் கீழே இரும்புக் கைவண்டியின் ஓசை கேட்கும். எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி, கடைகள் வெளியே போட்ட அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டுநாடாவைக் கிழித்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி, தம் தலைக்கு மேல் உயரும்வரை அடுக்கி ரப்பர் கயிற்றால் கட்டுவார். பிறகு கார்கள் விரையும் சாலையின் ஓரமாகப் பழைய பொருள் கடைவரை இழுத்துச் செல்வார். நாள் முழுதும் இழுத்தாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் காணும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இது ஒரு பாட்டியின் கதை மட்டுமன்று. பல ஆண்டுகளாகவே கொரிய முதியோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் வறுமைக் கோட்டின் கீழ் இருக்கிறார்கள். வளர்ந்த நாடுகளிடையே இதுவே மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று. தேசிய ஓய்வூதியத் திட்டம் 1988-இல்தான் தொடங்கியது, நகரவாசிகள் அனைவருக்கும் அது விரிந்தது 1999-இல். கொரியப் போருக்குப்பின் இந்நாட்டைக் கட்டியெழுப்பிய தலைமுறைக்குச் சந்தா செலுத்தப் போதிய காலமே கிடைக்கவில்லை. சந்தா செலுத்தாதவர்களுக்கும் கிடைக்கும்படி 2014-இல் வந்த அடிப்படை ஓய்வூதியமோ வாடகைக்கும் மருந்துக்கும் போதாது. நீங்கள் உலாவச் செல்வதாக எண்ணும் முதியவர்களுள் சிலரின் கையில் பூங்கொத்தோ ஆவண உறையோ இருப்பதைக் கவனித்ததுண்டா? இலவசப் பயணத்தை நம்பிப் பொதிகளைக் கொண்டுசேர்த்துப் பிழைப்பவர்கள் அவர்கள்.

செழியன்:
நான் தென்கொரியாவின் மற்றொரு பெருநகரமான தேகுவிலிருந்து எழுதுகிறேன். அந்த இலவசப் பயணமே இங்கே சுருங்கிவருகிறது. மெட்ரோவில் அதற்கான வயதை ஆண்டுக்கு ஒன்றாக 70 வரை உயர்த்துகிறார்கள். ஈடாகப் பேருந்துகளில் மூத்தோருக்குக் கட்டணத்தை நீக்கியிருக்கிறார்கள். 1984-இல் நாட்டு மக்களில் முதியோர் நூற்றுக்கு நான்கைந்து பேர். 2024 டிசம்பரில் ஐந்தில் ஒருவர் என்றாகிவிட்டது. மெட்ரோ நிர்வாகங்களின் இழப்பையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். காலி இருக்கையைப் பொறுத்தவரை, திட்டு வாங்க அஞ்சியே அதில் அமர்வதில்லை என்று என்னுடன் பணிபுரியும் இளைஞர்கள் கூறுகிறார்கள்.

அகிலன்:
பொதி சுமப்பவர்களைப் பற்றி மரகதம் அவர்கள் கூறியதை ஏற்கிறேன். நான் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஆயினும் எல்லாம் அச்சத்தால் என்பதை ஏற்க மாட்டேன். எங்கள் சந்தில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், மழை நாளில் அட்டைகளை நனையவிடாமல் மடித்துக் கடைக்குள்ளேயே வைத்திருந்து, வழக்கமாக வரும் ஒரு பாட்டிக்கு மட்டுமே கொடுக்கிறார். அந்தப் பாட்டி வரும்போது எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் சூடான பார்லித் தேநீரை நீட்டுகிறார். அவரைத் திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை.

மரகதம்:
அந்தக் கடைக்காரரை நானும் வணங்குகிறேன், அகிலன். அவர் தம்மால் இயன்றதைச் செய்துவிட்டார். ஆனால் தேநீரைக் குடித்து முடித்தபின் அந்தப் பாட்டி அதே மழையில் அந்த வண்டியை இழுத்துக்கொண்டுதானே போகிறார்? நான் கேட்பது அதைப் பற்றித்தான்.