சிவப்புக் கோட்டு போட்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள்: வெள்ளை அடிக்கலாமா? அடியில் பூத்திருக்கும் பொடிக்கு என்ன செய்வது?

பாரிஸ் மல்லி:
வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் பாரிசுக்கு வெளியே ஒரு பழம்பொருள் சந்தையில் ஆறு ஈயச் சிப்பாய்களை வாங்கினேன். உயரம் சுமார் 54 மில்லிமீட்டர். பெட்டி மூடியில் யாரோ பேனாவால் "பிரெஞ்சுக் காலாட்படை, 15ஆம் லூயி" என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆறு பேருக்கும் சிவப்புக் கோட்டு! விற்றவர், "எழுதியது தப்பு, இவர்கள் ஆங்கிலேயர்கள்" என்றார். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் காலாட்படைக்கு வெள்ளை, புரட்சிக்குப் பிறகு நீலம் என்றுதான் நானும் படித்திருக்கிறேன்.

இன்னொரு பிரச்சினை, அடித்தட்டின் கீழே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. வாங்கும்போது லேசாகத்தான் இருந்தது. மாமியார் கொடுத்த ஓக் மர அலமாரியில் வைத்த பிறகு அதிகமாகிவிட்டது. வினிகரில் ஊறவைத்துக் கழுவி, கோட்டுக்கு வெள்ளை அடித்து, மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்த வெள்ளை சரியாக இருக்கும்?

வார்ப்பட அச்சு:
தயவுசெய்து வினிகர் பக்கமே போகாதீர்கள். அந்தப் பொடியைக் கிளப்பிவிடுவதே அதில் இருக்கும் அசெட்டிக் அமிலம்தான். ஓக் மரம் அதே அமிலத்தின் ஆவியை மெல்ல மெல்ல வெளிவிடும், அட்டைப்பெட்டியும் அப்படித்தான். ஆவி பட்டதும் ஈயம் அசெட்டேட்டாக மாறும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அதை ஈயக் கார்பனேட்டாக, அதாவது நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடியாக, மாற்றும். அப்போது அமிலம் திரும்பவும் விடுபட்டு அடுத்த ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். மூடிய அலமாரிக்குள் இது நிற்காமல் நடக்கும். அதனால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

அந்தப் பொடி நஞ்சு. பழைய வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம். ஒன்பது வயதுப் பையன் கையில் இவற்றைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். பொடியை ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டவும் வேண்டாம். பஞ்சுக் குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக ஈரமாக்கி, வண்ணம் இல்லாத அடிப்பகுதியை மட்டும் ஒற்றி எடுத்து, உடனே உலர்த்துங்கள். வண்ணத்துக்கு அடியிலிருந்து பொடி தள்ளிக்கொண்டு வந்தால் அதைத் தொடாமல் பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். பிறகு கண்ணாடியும் உலோகமும் மட்டும் உள்ள அலமாரியில் வைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் ஒரு பை போட்டுவையுங்கள்.

வெள்ளைக் குப்பாயம்:
வண்ணத்தையும் தொடாதீர்கள் சகோதரி. பெட்டியில் எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வெள்ளை என்பது பிரெஞ்சுக்காரர்களைக் கொண்ட ரெஜிமெண்டுகளுக்கு. அதுவும் பளிச்சென்ற வெள்ளை இல்லை, சாயம் போடாத கம்பளியின் சாம்பல் கலந்த வெள்ளை. ஆனால் மன்னரிடம் வெளிநாட்டு ரெஜிமெண்டுகளும் நிறைய இருந்தன. ஜெர்மானியருக்கு நீலம். சுவிஸ்காரர்களுக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் சிவப்பு. 1745 மே 11 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் நடந்த ஃபோன்டனுவாப் போரில் ஆங்கிலேயர் மீது பாய்ந்த ஐரிஷ் பிரிகேட் முழுக்கச் சிவப்புக் கோட்டுதான். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சிவப்பை எதிர்த்துச் சிவப்பு நின்ற அந்தக் களத்தைப் படிக்கும்போதெல்லாம், புகைக்கு நடுவே யார் யாரை எப்படி அடையாளம் கண்டார்கள் என்று யோசிப்பேன்.

எந்த ரெஜிமெண்ட் என்று சொல்ல மூன்று விவரம் வேண்டும். கைமடிப்பின் நிறம் என்ன? மார்பில் இரண்டு பக்கமும் விரித்துப் பொத்தான் போட்ட வண்ண மடிப்பு இருக்கிறதா? அடித்தட்டில் எழுத்து ஏதாவது தெரிகிறதா?

பாரிஸ் மல்லி:
பயந்தே போய்விட்டேன். நேற்றே வெளியே எடுத்து, கண்ணாடி ஜாடிகளுக்குள் வைத்துவிட்டேன். பையனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ஐந்து பேருக்குக் கைமடிப்பும் காலரும் மஞ்சள். மார்பு மடிப்பு இல்லை, கோட்டு நேராகக் கீழே இறங்குகிறது. ஆறாவது ஆளுக்குக் கைமடிப்பு நீலம். அவனுடைய அடித்தட்டு வட்டம், மற்றவர்களுக்குச் சதுரம். அவன் எடையும் குறைவு, தொப்பியின் உச்சியில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருக்கிறது. எழுத்து யாருக்கும் இல்லை.

வெள்ளைக் குப்பாயம்:
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். சிவப்போடு மஞ்சள் என்றால் இரண்டு ஐரிஷ் ரெஜிமெண்டுகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று கிளேர், மற்றது பிற்காலத்து டிலன். 1779இல் அமெரிக்காவில் சவன்னா முற்றுகைக்குப் போன டிலன் வீரர்களுக்கு மஞ்சள் மார்பு மடிப்பு உண்டு. உங்கள் ஆட்களுக்கு அது இல்லை. மேலும் அந்த ஆண்டில் அரியணையில் இருந்தவர் 16ஆம் லூயி. கிளேர் 1775இல் பெர்விக் என்ற இன்னொரு ஐரிஷ் ரெஜிமெண்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆக மூடியில் எழுதியதும் கோட்டின் வெட்டும் ஒத்துப்போகின்றன. அந்த ஐவரும் கிளேர் என்பது என் முடிவு.

ஆறாவது ஆள் சுவிஸாக இருக்கலாம். சிவப்போடு நீலம் சுவிஸ் ரெஜிமெண்டுகளில் நிறையவே உண்டு.

வார்ப்பட அச்சு:
அவன் வேறு தொகுப்பிலிருந்து வந்து சேர்ந்தவன். ஓட்டையும் குறைந்த எடையும் உள்கூடான வார்ப்புக்கு அடையாளம். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் உறைந்ததும் நடுவில் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள். இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் பொம்மை நிறுவனம் 1893இல் கொண்டுவந்த முறை அது. பாரிசின் மின்யோ பொம்மைகள் கெட்டி வார்ப்பு. உங்கள் ஐவரும் கெட்டி என்பதற்காக மின்யோ என்று விலை பேசிவிடாதீர்கள், நிறுவனத்தின் குறி இல்லாமல் நான் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன். பழைய வண்ணத்தோடு இருப்பதுதான் அவற்றின் மதிப்பு. மேலே வெள்ளை அடித்திருந்தால் கிளேரும் போயிருக்கும், விலையும் போயிருக்கும்.

புதுவை வாசி:
எங்கள் ஊர்க் கதையும் இதில் இருக்கிறது. 1758இல் புதுச்சேரியில் வந்து இறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலியின் சொந்த ரெஜிமெண்ட் ஐரிஷ் பிரிகேடைச் சேர்ந்தது, சிவப்புக் கோட்டில் பச்சைக் கைமடிப்பு. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் பக்கத்தில் லொரேன் ரெஜிமெண்ட் வெள்ளையில் நிற்க, இவர்கள் எதிரே நின்ற ஆங்கிலேயரைப் போலவே சிவப்பில் நின்றார்கள். சிறு வயதில் சரித்திரப் பாடத்தில் லாலியின் தோல்வியைப் படித்தபோது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. பச்சைக் கைமடிப்பு வைத்த சிப்பாய் அந்தச் சந்தைப் பக்கம் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா.

பாரிஸ் மல்லி:
கண்டிப்பாகச் சொல்கிறேன் தம்பி. சரி, பிறந்தநாளுக்கு என்ன செய்வது? பையனே வண்ணம் அடிக்க ஆசைப்படுகிறான்.

வெள்ளைக் குப்பாயம்:
பிளாஸ்டிக்கில் ஏழாண்டுப் போர் (1756–63) காலத்துக் காலாட்படை கிடைக்கிறது, 72இல் ஒரு பங்கு அளவு. முதலில் சோப்பு நீரில் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்ணம் உரிந்துவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் போதும். வெள்ளைக் கோட்டுக்கு முதலில் வெளிறிய சாம்பல், அது காய்ந்ததும் மேடான இடங்களில் மட்டும் வெள்ளை. தொப்பியின் ஓரப்பட்டை பொத்தானோடு சேரவேண்டும்: மஞ்சள் பொத்தானுக்குத் தங்க நிறம், வெள்ளைப் பொத்தானுக்கு வெள்ளி நிறம். இதை மட்டும் அவன் சரியாகச் செய்துவிட்டால் பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்.

பாரிஸ் மல்லி:
ஆறு வாரம் ஆகிவிட்டது. புது அலமாரியில் பொடி திரும்பவும் பூக்கவில்லை. பையன் பன்னிரண்டு பேரை முடித்துவிட்டான். அதில் நான்கு பேருக்குச் சிவப்புக் கோட்டு, மஞ்சள் கைமடிப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐவரைப் பார்த்துப் பார்த்து அடித்தான். காலுறைக்கு மேலே போடும் அந்த நீள உறை வெள்ளையா கறுப்பா என்று கேட்கிறான்.

வெள்ளைக் குப்பாயம்:
இரண்டும் உண்டு. மன்னர் பார்வையிடும் அணிவகுப்பு என்றால் வெள்ளை. சேற்றில் நடக்கப்போகிறார்கள் என்றால் கறுப்பு அடிக்கட்டும்.