மௌத்பீஸ் கெட்டதால்தான் கோல்ட்ரேன் மெதுவாக ஊதினாரா?

பித்தளைக்காது:
நேற்று இங்கே கடைசிக்கோல்ட்ரேன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'பேலட்ஸ்' ஆல்பம், "மௌத்பீஸ் கெட்டுப்போன மனிதர் வேறு வழியில்லாமல் ஊதிய பாட்டுகள்" என்று, வாயில் வைத்து ஊதுகிற முனை ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லி, ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். இருபது வருடமாக நான் கேட்கிற ஆல்பம் அது. எட்டுப் பாட்டு, முப்பத்திரண்டு நிமிடம். 'சே இட்' பாட்டின் ஆரம்பத்தைக் கேளுங்கள். மெட்டை ஏறக்குறைய எழுதியபடியே ஊதுகிறார். நீளமான சுரத்தை ஆடாமல் அசையாமல் பிடித்து, முடிகிற இடத்தில் மட்டும் லேசாக நடுங்க விடுகிறார். உடைந்த சாமானை வைத்துக்கொண்டு தடுமாறுகிற ஆளின் வாசிப்பா அது? எழுதியவர் வந்து விளக்கட்டும்.

கடைசிக்கோல்ட்ரேன்:
விஷயமே ஒரு வரிதான், அதனால் ஒரு வரியில் எழுதினேன். அதைச் சொன்னதும் நான் இல்லை, கோல்ட்ரேன். 1966 பேட்டியில் அவரே சொல்கிறார்: மௌத்பீஸ் திருப்தியாக இல்லை என்று அதில் வேலை பார்க்கக் கொடுத்தார், அது பாழாகி வந்தது, தான் தேடிக்கொண்டிருந்த வேகம் அதில் வரவில்லை, அதனால் அதைக் குறைத்துக்கொண்டார். முட்டாள்தனம் செய்துவிட்டேன் என்கிற அளவுக்கு நொந்துகொள்கிறார். ஊதியவர் வாயாலேயே சொன்ன பிறகும் உங்கள் மனசு ஆறவில்லை என்றால் நான் பொறுப்பல்ல.

பித்தளைக்காது:
பேட்டியில் பாதியைப் படித்துவிட்டு மீதியை மறைக்காதீர்கள். அதே பேட்டியில் அந்தப் பாட்டுகளைத் தானே தேர்ந்தெடுத்ததாகவும், சின்ன வயதிலிருந்து மனதுக்குள் கிடந்தவை என்றும், அவற்றை வாசித்தே ஆகவேண்டும் என்று தோன்றியதாகவும் சொல்கிறார். "வேறு வழியில்லாமல்" என்பது உங்கள் சொந்தச் சரக்கு.

அப்புறம் தேதி. இந்த ஆல்பம் மூன்று நாட்களில் பதிவானது: 1961 டிசம்பர் 21, 1962 செப்டம்பர் 18, 1962 நவம்பர் 13. 'இட்ஸ் ஈஸி டு ரிமெம்பர்' முதல் நாளில் பதிவானது, மூன்று நிமிடம்கூட இல்லை. அதற்கு ஏழு வாரம் முன்னால்தான் நியூயார்க் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் 'சேஸிங் த ட்ரேன்' பாட்டைக் கால் மணி நேரத்துக்கு மேல் மூச்சுவிடாமல் ஊதித் தள்ளினார். ஏழே வாரத்தில் மௌத்பீஸ் போய்விட்டதா? 1961 டிசம்பர் 21-க்குப் பதில் சொல்லுங்கள்.

கடைசிக்கோல்ட்ரேன்:
எட்டில் ஒன்று. மீதி ஏழும் 1962. ஒரு பாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆல்பத்தையே காப்பாற்றப் பார்க்கிறீர்கள்.

பித்தளைக்காது:
சரி, 1962-க்கே வருகிறேன். நவம்பர் 13-ம் தேதி பேலட் பதிவு. நான்கு நாள் கழித்து, 17-ம் தேதி பாரிஸ் மேடை. 19-ம் தேதி ஸ்டாக்ஹோம். அந்த ஸ்டாக்ஹோம் இரவின் 'பை பை பிளாக்பேர்ட்' பிற்பாடு ஆல்பமாக வந்து, அவர் இறந்து பல வருடம் கழித்து கிராமி வாங்கியது. கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதில் என்ன வேகம் குறைந்திருக்கிறது? 13-ம் தேதி கெட்டிருந்த மௌத்பீஸ் விமானத்தில் ஏறியதும் சரியாகிவிட்டதா?

புதுக்காது:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஜாஸ் கேட்க ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பேலட் என்றால் சரியாக என்ன? மெதுவான பாட்டு எல்லாமே பேலட்டா, காதல் பாட்டாக இருக்கவேண்டுமா? 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' மற்றவற்றைவிட வேகமாக இருக்கிறதே, அதுவும் பேலட்டா?

கடைசிக்கோல்ட்ரேன்:
மேடையில் ஊதினாரா ஊதவில்லையா என்று யார் கேட்டது? அவருக்கு உள்ளுக்குள் அது கேட்டது. வாயில் வைத்ததுமே வித்தியாசம் தெரிந்தது, மனசு விட்டுப்போனது என்று சொல்லியிருக்கிறார். மனசு விட்டுப்போன ஆள் பதிவு செய்த ஆல்பம் இது. பதினோரு பேர் சேர்ந்து வாசித்த அவருடைய 'அசென்ஷன்' ஆல்பம் கேட்டவனுக்கு 'பேலட்ஸ்' கேட்டால் சிங்கத்தைக் கூண்டில் பார்த்த மாதிரி இருக்கும்.

ஊதுபவன்:
நான் டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறவன். கல்யாண ரிசப்ஷன், சர்ச் என்று பதினெட்டு வருடமாக. மௌத்பீஸ் பற்றி இரண்டு பேருமே அதைத் தொட்டுப் பார்க்காமல் பேசுகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

கோல்ட்ரேன் உபயோகித்த மாதிரி உலோக மௌத்பீஸில் உள்பக்கம் ஒரு சரிவு இருக்கும். ரீட் என்கிற நாணல் பட்டை படுக்கிற இடம் தட்டையாக இருந்து நுனிக்குப் போகப்போக வளையும். அந்த வளைவில் காகித கனத்துக்கு அரம் அதிகமாக ஓடினால் போதும், கதை முடிந்தது. ஆறு வருடம் முன்னால் என் மௌத்பீஸை ஒருவரிடம் நுனி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டித் தரச்சொல்லிக் கொடுத்தேன். வாங்கி வந்த அன்று ராத்திரி ரீடை நாக்கில் நனைத்து, கட்டி, கீழ்ஸ்தாயியில் ஒரு சுரம் ஊதினேன். வந்தது. மேலே போனேன், வந்தது. ஆனால் வேகமாக ஓடும்போது ஒவ்வொரு சுரமும் மயிரிழை தாமதமாக வாய் திறந்தது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் கீழுதட்டில் தெரிந்தது. அழுதேன் என்றால் நம்புவீர்களா?

ஆகவே கோல்ட்ரேன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதே பேட்டியில், பேட்டி எடுத்தவர் தன் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை என்கிறார். கோல்ட்ரேனும் அதுதான் புதிர் என்கிறார். ஸ்டாக்ஹோமில் என்ன கேட்டது என்று பித்தளைக்காது சொல்வது எதையும் நிரூபிக்காது.

கடைசிக்கோல்ட்ரேன்:
நன்றி ஊதுபவன் அண்ணா. வாத்தியம் பிடித்தவர் சொல்லிவிட்டார். முடிந்தது.

பித்தளைக்காது:
முடியவில்லை. ஊதுபவன் சாருக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் சொன்னது எனக்குத்தான் சாதகம். வெளியே யாருக்கும் தெரியாத குறை என்றால், கேட்கிற நாம் அதை வைத்து ஆல்பத்தை எப்படி மட்டம் தட்டலாம்?

இன்னொன்று. வேறொரு மௌத்பீஸ் கடைசிவரை கிடைக்கவே இல்லை, ஒரு வருடம் போனதும் மறந்துவிட்டேன் என்றும் அந்தப் பேட்டியில் சொல்கிறார். அப்படியானால் 1964 டிசம்பரில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' எதில் ஊதியது? 1965-ன் உங்கள் 'அசென்ஷன்' எதில் ஊதியது? பழைய மௌத்பீஸ் அப்போதும் திரும்பி வந்திருக்கவில்லை. அவற்றை ஏன் "மௌத்பீஸ் கெட்டுப்போன ஆல்பம்" என்று எழுதுவதில்லை?

கடைசிக்கோல்ட்ரேன்:
அந்த மனத்தடையைத் தாண்டியதால்தான் அவை பெரிய ஆல்பங்கள். 'பேலட்ஸ்' தாண்டுவதற்கு முன்னால் வந்தது. இது புரியவில்லையா, புரியாத மாதிரி இருக்கிறீர்களா?

தோல்வாத்தியம்:
மௌத்பீஸ் மௌத்பீஸ் என்று நாற்பது தடவை எழுதிவிட்டீர்கள். டிரம்ஸ் வாசித்த எல்வின் ஜோன்ஸ் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை. மெதுவான பாட்டில் குச்சிக்குப் பதில் கம்பிப் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தாளத்தைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' பாட்டில் லத்தீன் சாயலில் ஒரு தாளத்தைப் போட்டு மொத்தப் பாட்டையும் அவர்தான் தூக்கி நிறுத்துகிறார். மக்காய் டைனரின் பியானோ, ஜிம்மி கேரிசனின் பேஸ் பற்றியும் பேச்சே இல்லை. நால்வர் வாசித்த ஆல்பம் ஐயா இது.

பித்தளைக்காது:
நால்வர் இல்லை, ஐவர். 1961 டிசம்பர் 21 பதிவில் பேஸ் வாசித்தவர் ரெஜி வொர்க்மேன். கேரிசன் மற்ற ஏழில்தான். அந்தத் தேதியை யாரும் மதிக்கமாட்டேன் என்கிறீர்கள்.

தோல்வாத்தியம்:
திருத்தத்துக்கு நன்றி. ஆனால் எல்வினைப் பற்றி நான் சொன்னதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. போன மாதமும் இப்படித்தான் செய்தீர்கள்.

ஆலாபனை:
எல்லாரும் சண்டை போடுவதால் ஒரு யோசனை. நம் நாதஸ்வரக்காரர் ராத்திரி ஒரு ராகத்தை எடுத்து நிதானமாக விரிப்பாரே, அந்த மாதிரிதான் இந்த ஆல்பமும். வேகமாக வாசிக்கத் தெரியாததால் யாரும் விளம்பகாலம் வாசிப்பதில்லை. கோல்ட்ரேனே நம் சங்கீதத்தில் ஈடுபாடு உள்ளவர். மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தது ரவிசங்கரை மனதில் வைத்துத்தான்.

பித்தளைக்காது:
நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் தப்பு. இந்த ஆல்பத்தில் ராக விரிவு என்பதே இல்லை. மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து நிமிடச் சொச்சத்தில் மெட்டைச் சொல்லி முடிக்கிறார். விரிக்காமல் விட்டதுதான் இதன் அழகே. நம் சங்கீதம் அவரிடம் தெரியவேண்டுமானால் 1961 வான்கார்டில் வாசித்த 'இந்தியா' கேளுங்கள். எல்லாவற்றையும் நாதஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

ஆலாபனை:
அழகு என்றுதானே நானும் சொன்னேன்? உங்களோடு ஒத்துப்போனாலும் அடி விழுகிறது.

கடைசிக்கோல்ட்ரேன்:
"விரிக்காமல் விட்டது அழகு" என்கிறார். முடியாமல் விட்டதை அழகு என்று கொண்டாடுவதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1961 நவம்பரில் 'டவுன்பீட்' பத்திரிகையில் ஜான் டைனன் இவர் வாசிப்பை "ஜாஸுக்கு எதிரானது" என்று எழுதினார். ஆல்பத்தை வெளியிட்ட இம்பல்ஸ் கம்பெனிக்கும் எல்லா ரகமும் கலந்த பட்டியல் வேண்டியிருந்தது, அதைக் கோல்ட்ரேனே சொல்கிறார். எதிர்ப்பவர்கள் வாயை அடைக்க ஒரு சாந்தமான ஆல்பம். தயாரிப்பாளர் பாப் தீலுக்கு வசதி, விற்பனைக்கும் வசதி.

பித்தளைக்காது:
அதில் தவறு எதுவும் காணவில்லை என்று அதே மூச்சில் சொல்கிறாரே, அதை ஏன் விட்டீர்கள்? மறுபடியும் பாதி. நீங்கள் பேட்டி படிக்கிற லட்சணமே இதுதான்.

ஊதுபவன்:
ஒரு விஷயத்தில் பித்தளைக்காதோடு ஒத்துப்போகிறேன். அட்டையில் ஜீன் லீஸ் எழுதிய குறிப்பில், கடையில் விற்கிற நோட்டேஷன் தாள்களோடு வந்து, பேசி, அரை மணி நேரம் ஒத்திகை மாதிரி பார்த்து, ஒரு பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே டேக்கில் முடித்தார்கள் என்று இருக்கிறது. கெட்ட மௌத்பீஸோடு ஒரே டேக்கில் முடிப்பது லேசான காரியம் இல்லை.

கடைசிக்கோல்ட்ரேன்:
அண்ணா, அந்தக் கதையையும் நம்பிவிட்டீர்களா? 2002-ல் வந்த டீலக்ஸ் பதிப்பில் 'இட்ஸ் ஈஸி டு ரிமெம்பர்' எத்தனை டேக் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். லீஸ் விதிவிலக்கு என்று சொன்னது 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' ஒன்றைத்தான். பித்தளைக்காது நெஞ்சில் அடித்துக்கொண்டு கொண்டாடுகிற அந்த 1961 டிசம்பர் 21 பாட்டுதான் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டது. மூன்று நிமிடப் பாட்டுக்கு ஏன் அத்தனை டேக்?

பித்தளைக்காது:
மனம் நிறைகிறவரை எடுத்தார். அக்கறை என்று அதற்குப் பெயர். மௌத்பீஸைத் திட்டிக்கொண்டு கடமைக்கு ஊதுகிறவன் முதல் டேக்கிலேயே வீட்டுக்குப் போயிருப்பான். ஆதாரத்தை நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

கடைசிக்கோல்ட்ரேன்:
சரியாக வராததால் எடுத்தார் என்பதுதான் நேரான அர்த்தம். ஒரே டேக் என்றால் "என்ன நிறைவு!", பல டேக் என்றால் "என்ன அக்கறை!". உங்களிடம் எது போட்டாலும் கோல்ட்ரேன் ஜெயிப்பார், நீங்களும் ஜெயிப்பீர்கள்.

போன வருடம் 'அசென்ஷன்' பற்றி நான் உட்கார்ந்து எழுதிய நீளமான பதிவுக்கு "பதினோரு பேர் சேர்ந்து போட்ட இரைச்சல்" என்று ஒரே வரியில் பதில் எழுதினீர்கள். ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ஒரு வரி உங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பித்தளைக்காது:
இருக்கிறது. இன்றும் அதையே சொல்வேன். அதுவும் இதுவும் ஒன்றில்லை. நான் கேட்டுவிட்டுச் சொன்னேன், நீங்கள் மௌத்பீஸைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். 1962 செப்டம்பர் 18-ம் தேதி இதில் ஒரு பதிவு. எட்டே நாளில், 26-ம் தேதி, பியானோக்காரர் டியூக் எலிங்டனோடு ஓர் ஆல்பத்துக்கு உட்காருகிறார். 1963 மார்ச் 7-ம் தேதி ஜானி ஹார்ட்மன் பாட, பக்கத்தில் நின்று ஊதுகிறார். ஹார்ட்மன் ரொம்ப நாளாக மனதில் இருந்தவர் என்று அந்தப் பேட்டியிலேயே சொல்கிறார். மூன்று ஆல்பத்தையும் வரிசையாகக் கேளுங்கள். மெதுவாக ஊதுவது என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசித்த ஒரு மனிதரின் ஆறு மாதம் அது.

ஊதுபவன்:
ஆறு மாதம் யோசித்தார், சரி. ஏன் யோசிக்க ஆரம்பித்தார்? வேகமாக ஓட முடியாதபோதுதான் நானும் நீண்ட சுரங்களைப் பழகினேன். என் வாசிப்பில் அதுதான் இப்போது உருப்படியான பகுதி.

கடைசிக்கோல்ட்ரேன்:
பார்த்தீர்களா? காரணம் மௌத்பீஸ்.

ஊதுபவன்:
தம்பி, நான் சொன்னது உங்களுக்கு ஆதரவாக இல்லை.

புதுக்காது:
பேலட் என்றால் என்ன என்று கேட்டிருந்தேன். பரவாயில்லை. நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இந்த ஆல்பத்தின் 'நான்சி' பாட்டை மட்டும் நாலு தடவை கேட்டேன். ரொம்பப் பிடித்திருந்தது.

தோல்வாத்தியம்:
அதில் பிரஷ் சத்தத்தைக் கவனித்தீர்களா?

கடைசிக்கோல்ட்ரேன்:
பித்தளைக்காது, சுற்றி வளைக்காமல் ஒரே கேள்வி. 1962-ல் அவர் மௌத்பீஸ் கெட்டிருந்ததா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

பித்தளைக்காது:
1961 டிசம்பர் 21. முதலில் அதற்குப் பதில் வரட்டும்.