பேஸ்மட்டச் சுவருக்குக் கல் ஒட்டியவர்களின் அனுபவங்கள்

திருநகரிலிருந்து:

எங்கள் வீடு மூன்றடி உயரப் பேஸ்மட்டத்தின் மேல் நிற்கிறது. தெருப் பக்கச் சுவரில் ஓதம் ஏறி, அடிக்கும் பெயிண்ட் ஒவ்வோர் ஆண்டும் பொரிந்து உதிர்ந்ததால், அங்கே கல் ஒட்டிவிடலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. விலை பேச வந்த மேஸ்திரி, "கல்ல ஒட்டிட்டா ஓதம் வெளிய தெரியாதுண்ணே" என்றார். தெரியாதுதான், ஆனால் கல்லுக்குப் பின்னால் அது ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம் என்றேன். மாடியின் மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு, காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீரும் சிமெண்ட் தளத்தின் தவறான வாட்டத்தால் அதே மூலைக்கு ஓடித் தேங்கியது. குழாயை வடிகால் வரை நீட்டி, தளத்துக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்து, சித்திரை வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வேலையைத் தொடங்கினோம்.

பெயிண்டை முழுவதும் சுரண்டி எடுத்து, பூச்சைக் கொத்திவிடச் செய்தோம். பெயிண்டின் மேல் ஒட்டிய கல், அந்தப் பெயிண்ட் சுவரைப் பிடித்திருக்கும் வரைதான் நிற்கும், 20 மி.மீ. கனமுள்ள கல் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை வரும் என்பதை நினைத்தால் இதில் சமரசம் செய்ய மனம் வராது. அறுத்த கல்லின் முதுகில் படிந்திருக்கும் தூளையும் தேய்த்துக் கழுவினார்கள். வெயிலில் பசை விரைவில் ஆடை கட்டிவிடும் என்பதால், அந்தச் சுவரில் நிழல் இருந்த நேரத்தில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பசையிட்டு ஒட்டினார்கள்.

மறுநாள் கரணைப் பிடியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்தபோது, மூலைக் கல் ஒன்று மட்டும் 'டொப்'பென்று பொய்யோசை தந்தது. கழற்றியதும் விஷயம் புரிந்தது: உதவியாள் நான்கு மூலையிலும் நடுவிலும் பசையை உருண்டையாக வைத்து அழுத்தியிருக்கிறார். இடையில் விட்டுப்போன வெற்றிடத்தில் மழைநீர் புகுந்தால் வெளியேற வழி கிடையாது. எறும்புக்கு அது சொகுசான வீடும் ஆகிவிடும். சுவரிலும் கல்லின் முதுகிலும் முழுப் பரப்புக்கும் பசை தடவி மீண்டும் ஒட்டினார்கள்.

மண் உள்ள இடத்தில் 4 அங்குலமும், தளம் போட்ட இடத்தில் 2 அங்குலமும் அடியில் இடைவெளி விட்டோம். வந்த உறவினரெல்லாம் "கல் பத்தலையா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும், மண்ணைத் தொடும் கல் ஈரத்தை இழுப்பதோடு, கரையான் மண் கட்டி ஏறுவதையும் மறைத்துவிடும்.

திருமங்கலத்திலிருந்து:

எங்கள் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்கும். பக்கத்து வீட்டில் பேஸ்மட்டச் சுவரில் இருந்த பழைய விரிசலைப் பூசி மறைத்து அதன் மேல் கல் ஒட்டினார்கள். அடுத்த கோடையில், அதே கோட்டில் கற்களும் பிளந்தன. இன்னும் அசையும் விரிசல் இருந்தால், காரணத்தைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சரிசெய்யும் வரை கல் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஒத்தக்கடையிலிருந்து:

ஒட்டி முடித்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். என் மச்சான் வீட்டில் ஒட்டியது கடப்பா கல். மேலே படிந்த சிமெண்ட் கறையைப் போக்க வேலையாட்கள் ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்ட இடமெல்லாம் நுரைத்து அரித்து, கருமை போய்ச் சாம்பல் திட்டுகளாகிவிட்டது. அதை மறைக்கப் பளபளப்பான வார்னிஷ் அடித்தார்கள். உள்ளே இருந்த ஈரம் வெளியேற முடியாமல் அது தோல் தோலாக உரிந்தது. கறையை ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சால் துடைத்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது.

உப்புத் தண்ணீரில் கலவை போடுபவர்கள் கவனிக்க: இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்தால், காய்ந்த பிரஷால் தேய்த்தெடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். காப்புப் பூச்சு வேண்டுமென்றால், ஆவியை வெளியே விடும் சீலர்தானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அதையும் உப்பு பூப்பது நின்ற பிறகே அடியுங்கள்.