ரிவர்ஸ் விழலை

குழு: எங்க வீட்டு ஆளுங்க, தென்னாப்பிரிக்கா

ஞாயிறு, 3 ஆகஸ்ட்

தேவி, 7:12
யாராவது எழுந்தாச்சா? கூழ் அண்டாவை கார்ல ஏத்திட்டு கோயிலுக்குக் கிளம்பினா ரிவர்ஸ் விழமாட்டேங்குது. R போட்டா மீட்டர்ல ஸ்பானர் படம் மினுக்குது. வண்டி அசையவே இல்ல.

லோகன், 7:15
முன்னாடி போகுதாக்கா?

தேவி, 7:40
போகுது. அப்பாவும் பக்கத்து வீட்டுப் பையனும் தள்ளித்தான் கேட்டுக்கு வெளிய எடுத்தாங்க. எப்படியோ கோயிலுக்கு வந்துட்டேன்.

முனு பெரியப்பா, 7:52
கண்ணு, வர்ற வழியில கியர் நம்பரைப் பாத்தியா? 1-க்கு அப்புறம் 2 வந்துச்சா, இல்ல நேரா 3-க்குத் தாவுச்சா?

தேவி, 7:54
2 வரவே இல்ல பெரியப்பா. 1-லயே கத்திக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் ஒரு குலுக்கு குலுக்கி 3.

முனு பெரியப்பா, 8:03
நினைச்சேன். உன் வண்டி கியர்பாக்ஸ் ரெண்டு கிளட்ச் உள்ளது. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 பாத்துக்கும். இன்னொண்ணு 2, 4, 6, அதோட ரிவர்ஸ். ரெண்டாவது பக்கம் அப்படியே செத்துக் கிடக்கு, அதான் ரெண்டும் ஒண்ணா போச்சு.

முனு பெரியப்பா, 8:06
கிளட்ச் தேய்ஞ்சா இப்படிப் பட்டுனு நிக்காது. மொதல்ல வழுக்கும், நடுங்கும், கருகின வாடை வரும். உனக்கு அது ஏதாவது இருந்துச்சா?

தேவி, 8:10
வாடை இல்ல. போன வாரம் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது ரெண்டு தடவை ஸ்பானர் மினுக்கி தானா நின்னுச்சு. அவ்வளவுதான்.

முனு பெரியப்பா, 8:14
அப்ப மெக்கட்ரானிக்ஸ் மேலதான் எனக்குச் சந்தேகம். எந்த கியர் எப்ப விழணும்னு முடிவு பண்ணி, ஆயில் அழுத்தத்தால அதைத் தள்ளுற பெட்டி அது. கம்ப்யூட்டர்ல வர்ற ஃபால்ட் கோட் பாக்காம சத்தியம் பண்ண மாட்டேன். இனி ஓட்டாதே. இழுத்துட்டுப் போகச் சொல்லு.

அம்மா, 8:20
கூழ் ஊத்தி முடிஞ்சதும் லோகன் வந்து கூட்டிட்டு வா. அவ நைட் டியூட்டி முடிச்சு தூங்கவே இல்ல.

செவ்வாய், 5 ஆகஸ்ட்

தேவி, 13:22
வண்டி வாங்கின டீலர்கிட்டயே விட்டேன். இப்ப போன் வந்துச்சு. கிளட்ச் தேய்மானமாம், வாரண்டியில வராதாம். அதோட பழைய ஓனர் ஒரு சர்வீஸை வெளி கேரேஜ்ல பண்ணியிருக்காராம், அதனால வாரண்டியே செல்லாதாம். 46,000 ராண்ட். கியர்பாக்ஸைப் பிரிச்சுப் பாத்து விலை சொல்றதுக்கு இன்னைக்கே கையெழுத்து போடச் சொல்றாங்க.

சரஸ் அக்கா, 13:24
போடாதே தேவி. ஒண்ணுலயும் கையெழுத்து போடாதே. லஞ்சுல வந்து எழுதறேன்.

லோகன், 13:26
46,000! வண்டி வாங்கி நாலு மாசம்கூட ஆகலையே.

முனு பெரியப்பா, 13:41
பெட்டியைத் திறக்காமலே கிளட்ச்னு எப்படிச் சொல்றாங்க? கம்ப்யூட்டர்ல வந்த ஃபால்ட் கோட் அச்சடிச்சுக் கேளு. தேய்மானம்ங்கற வார்த்தையை நம்பி எத்தனையோ பேர் காசு கட்டினதை நான் பாத்திருக்கேன். பிரேக் பேட், வைப்பர், கிளட்ச் தட்டு தேயற சாமான். மெக்கட்ரானிக்ஸ் தேயற சாமான் இல்ல. எது கெட்டுச்சுங்கறதுலதான் உன் 46,000 இருக்கு.

சரஸ் அக்கா, 14:05
இப்ப கேளு. உனக்கு ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே.

தயாரிப்பாளர் வாரண்டி ஒண்ணு. வண்டி 2021 ஏப்ரல், அஞ்சு வருஷ வாரண்டி, ஓடினது 71,000 கிலோமீட்டர். வாரண்டியோட கிலோமீட்டர் வரம்பும் மீறல, இன்னும் எட்டு மாசம் இருக்கு. வெளி கேரேஜ்ல சர்வீஸ் பண்ணினதுக்காக மட்டும் மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக்கூடாதுன்னு, வியாபாரத்துல நியாயமான போட்டி நடக்குதான்னு பாக்கற நம்ம நாட்டுப் போட்டி ஆணையத்தோட வழிகாட்டுதல் இருக்கு, 2021 ஜூலை 1-லேருந்து. அந்த கேரேஜ் பண்ணின வேலையாலதான் இது கெட்டுச்சுன்னா அவங்க மறுக்கலாம். எஞ்சின் ஆயில் மாத்தினதுக்கும் ரிவர்ஸ் விழாததுக்கும் என்ன சம்பந்தம்னு அவங்கதான் சொல்லணும்.

சரஸ் அக்கா, 14:11
இன்னொண்ணு நம்ம நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008. பிரிவு 55, 56. டீலர்கிட்ட வாங்கின பொருள் ஆறு மாசத்துக்குள்ள குறையோட நின்னா ரிப்பேர், மாத்து, பணம் திரும்ப, மூணுல எதுன்னு நீ சொல்லணும், அவங்க இல்ல. பழைய வண்டிக்கும் இது உண்டு. நீ ஏப்ரல் 11-ல வாங்கினே. அக்டோபர் 11 வரைக்கும் இருக்கு.

தேவி, 14:15
அக்கா, பேப்பர்ல ஃபூட்ஸ்டூட்ஸ்னு போட்டு நான் கையெழுத்து போட்டிருக்கேனே. இருக்கறபடியே எடுத்துக்கறேன்னு.

சரஸ் அக்கா, 14:18
டீலர் விக்கும்போது அந்த ஒத்தை வார்த்தை போதாது. இந்த வண்டியில இன்ன பழுது இருக்குன்னு குறிப்பா சொல்லி, நீ தெரிஞ்சே ஒத்துக்கிட்டு இருக்கணும். கியர்பாக்ஸ் பத்தி ஒரு வார்த்தை சொன்னாங்களா?

தேவி, 14:19
புதுசு மாதிரி ஓடும்னு சொன்னாங்க.

லோகன், 14:22
நான் பக்கத்துத் தெரு ஆள்கிட்ட வாங்கினேனே, எனக்கும் இந்த ஆறு மாசம் உண்டா?

சரஸ் அக்கா, 14:24
இல்ல தம்பி. கார் விக்கறது அவர் தொழில் இல்லையே, அந்தச் சட்டம் அங்க வராது.

சரஸ் அக்கா, 14:38
தேவி, போன்ல பேசாதே, இதை மெயில்ல அனுப்பு:

"ஆகஸ்ட் 3 அன்று 2-ஆம் கியரும் ரிவர்ஸும் வேலை செய்யவில்லை. ஃபால்ட் கோட் அறிக்கை, பழுதான பாகத்தின் பெயர், வாரண்டியை மறுக்கும் காரணம் மூன்றையும் எழுத்தில் தரவும். என் எழுத்து அனுமதி இல்லாமல் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம். பிரிவு 56-இன் கீழ் செலவில்லாமல் பழுது நீக்கித் தரக் கோருகிறேன்."

பழைய ஓனரோட சர்வீஸ் பில்லையும் வை, எந்த ஆயில் ஊத்தினாங்கன்னு அதுல இருக்கும். தயாரிப்பாளரோட கஸ்டமர் கேருக்கும் ஒரு பிரதி. மறுத்தா பிரிட்டோரியாவுல வண்டித் தகராறை விசாரிக்கிற மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்பட்ஸ்மன் இருக்காங்க, புகாருக்குக் காசு இல்ல. டீலருக்கு எழுதிக் கேட்டதுக்குச் சாட்சி வேணும். அதுக்குத்தான் இந்த மெயில்.

தேவி, 15:02
அனுப்பிட்டேன். கை நடுங்குது. நாளைக்கு டியூட்டிக்கு எப்படிப் போறது?

லோகன், 15:03
நான் விடறேன்கா. 5:40-க்கு வாசல்ல இருப்பேன்.

வெள்ளி, 8 ஆகஸ்ட்

தேவி, 11:47
கோட் அறிக்கை வந்துடுச்சு! போட்டோ போட்டிருக்கேன். பெரியப்பா பாருங்க.

முனு பெரியப்பா, 11:58
பாத்தேன். ரெண்டாவது பகுதியில வால்வு கோளாறு, அழுத்தம் வரலை. கிளட்ச் பத்தி ஒரு வரியும் இல்ல. மெக்கட்ரானிக்ஸேதான்.

தேவி, 16:30
தயாரிப்பாளர் ஒத்துக்கிட்டாங்க. யூனிட் புதுசு, கூலி, எல்லாம் வாரண்டியில. வெளி சர்வீஸ் பத்தி இப்ப யாரும் பேசல.

அம்மா, 16:33
மாரியம்மா தாயே.

லோகன், 16:40
பெரியப்பா, நான் பாக்கற புது வண்டிக்கு பத்து வருஷம், பத்து லட்சம் கிலோமீட்டர்னு விளம்பரம். அதுல கியர்பாக்ஸ் வருமா?

முனு பெரியப்பா, 16:52
எஞ்சின் வாரண்டின்னு போட்டிருந்தா எஞ்சின் மட்டும்தான். கியர்பாக்ஸுக்கு எத்தனை வருஷம்னு தனியா கேளு. ரெண்டாவது ஓனருக்கு மாறுமான்னும் கேளு. சர்வீஸ் பிளான் வேற, வாரண்டி வேற. ஆயில் மாத்தித் தர்ற பிளான் கியர்பாக்ஸை மாத்தித் தராது.

வியாழன், 14 ஆகஸ்ட்

தேவி, 17:20
வண்டி வந்துடுச்சு. நேரா ஃபீல்ட்ஸ் ஹில்தான் போனேன். 1, 2, 3, 4, ஒவ்வொண்ணா விழுந்துச்சு.

முனு பெரியப்பா, 17:26
நல்லது கண்ணு. ஏத்தத்துல ரோபோ, அதான் டிராஃபிக் சிக்னல், சிவப்பா இருந்தா ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சு நிக்காதே, பிரேக்கை அழுத்தி நில்லு. கிளட்ச் சூடாகறது அங்கதான்.

சரஸ் அக்கா, 17:31
ஜாப் கார்டுல என்ன எழுதியிருக்கு?

தேவி, 17:33
மெக்கட்ரானிக்ஸ் யூனிட் மாற்றம், வாரண்டி, 14 ஆகஸ்ட்.

சரஸ் அக்கா, 17:35
போட்டோ எடுத்து குழுவில போடு. மூணு மாசத்துக்குள்ள அதே குறை திரும்ப வந்தா மறுபடி ரிப்பேர்ங்கற பேச்சே இல்ல, மாத்தணும் இல்ல பணத்தைத் தரணும்.

தேவி, 17:38
போட்டுட்டேன். காலண்டர்ல நவம்பர் 14-ஐயும் வட்டம் போட்டாச்சு.