ஃபலாஃபெல் எண்ணெயில் உதிர்ந்துவிடுகிறது, உதவுங்கள்

பயணப்பிரியை: வணக்கம். ஜோர்டான் சென்றிருந்தபோது அதன் தலைநகர் அம்மானில் தெருவோரக் கடையொன்றில் உண்ட ஃபலாஃபெலின் (வடைபோல் பொரித்த கடலை உருண்டை) சுவை இன்னும் நாவில் நிற்கிறது. வீட்டில் மூன்று முறை முயன்றும், உருண்டைகள் எண்ணெயில் இட்டவுடன் உதிர்ந்து அடியில் தங்கிவிடுகின்றன. கொண்டைக்கடலை, வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, சீரகம் எல்லாம் சரியாகவே சேர்த்தேன். மாலை விருந்தினர் வருகிறார்கள், விரைந்து சொல்லுங்கள்.

செல்வி அக்கா: கடலையை ஊறவைத்து அரைத்தீர்களா, வேகவைத்து அரைத்தீர்களா? தண்ணீர் ஊற்றினீர்களா? இவை தெரியாமல் எதையும் சொல்ல இயலாது, தங்கையே.

நளன்: எண்ணெய் போதிய அளவு காய்ந்திருக்காது. 175 முதல் 180 டிகிரி வரை சூடு இருந்தால்தான் மேற்புறம் உடனே இறுகும். என் அனுபவத்தில் வேறு காரணமே இருந்ததில்லை.

மீனா: வெங்காயத்தின் நீர்தான் காரணம். பிழிந்துவிட்டு இரண்டு கரண்டி கடலை மாவு சேருங்கள்.

அடுக்களை ஆசான்: இக்கேள்விக்குப் பலமுறை விடை அளித்துவிட்டேன், தேடிப் படித்துவிட்டுக் கேட்பதே முறை. அடிப்படையே தவறு. எகிப்தில் தஅமிய்யா எனப்படும் இப்பண்டத்தைத் தோல் நீக்கிய உலர்ந்த ஃபாவா எனும் பெரிய அவரை வகைப் பயற்றில்தான் செய்வார்கள், கொண்டைக்கடலையில் அன்று.

செல்வி அக்கா: எகிப்துக்கு அது பொருந்தும், ஐயா. ஆனால் இவர் உண்டது அம்மானில். ஜோர்டான், பாலஸ்தீனம், லெபனான் பகுதிகளில் கொண்டைக்கடலையே வழக்கம்.

அடுக்களை ஆசான்: வழக்கம் இருக்கலாம். பச்சைக் கீரைகள் சேர்ந்து உள்ளே பசுமையாக இருக்கும் எகிப்திய வகையின் மென்மை கடலைக்கு வராது என்பதே என் கருத்து.

மருதன்: விருந்தினருக்கு ஃபாவா பரிமாறும் முன் ஒரு சொல். ஜி-6-பி-டி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதை உண்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டு பரிமாறுங்கள்.

பயணப்பிரியை: குக்கரில் நான்கு விசில் வைத்து அரைத்தேன். அது தவறா?

செல்வி அக்கா: அதுதான் பிழை. வெந்த கடலையில் மாவுச்சத்து முன்னமே நீரை உறிஞ்சிக் குழைந்துவிடுவதால், எண்ணெயில் உருண்டையைப் பிணைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. உள்ளிருக்கும் நீரும் ஆவியாகி அதை உடைத்துவிடுகிறது. மசால் வடைக்குப் பருப்பை வேகவைப்பதில்லையே, அதே முறைதான். உலர்ந்த கடலையைப் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, நீரை முற்றிலும் வடித்து, வேகவைக்காமல் கொரகொரப்பாக அரையுங்கள். டப்பாவில் வருவதும் வெந்த கடலையே, அதுவும் உதவாது. இன்றைக்கு நேரமில்லை. வெந்த கடலையோடு எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் பூண்டும் சேர்த்து ஹம்முஸ் ஆக்கி ரொட்டியோடு வையுங்கள். அதுவும் அம்மானின் உணவுதான்.

பயணப்பிரியை (மறுநாள்): ஹம்முஸ் முழுவதும் தீர்ந்தது. இரவே கடலை ஊறவைத்து இன்று பொரித்தேன், ஒன்றுகூட உடையவில்லை. உள்ளே மட்டும் சற்று இறுக்கமாக இருக்கிறது.

செல்வி அக்கா: பொரிப்பதற்குச் சற்று முன் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து பாருங்கள். உருண்டையை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம்.